மாடுகளின் நொண்டலை உயிரியல் குறிப்பான்களால் கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறவை மாடு வளர்ப்பவர்களும், கால்நடை மருத்துவம் பயில்பவர்களும், ஆய்வுக்கூடங்களில் பணியாற்றுபவர்களும் இந்தப் பொருள் பற்றிக் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. பிந்திய விடைகள் முந்தியவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

உயிரியல் குறிப்பான் என்றால் என்ன? அது நொண்டலை எப்படிக் காட்டும்?

உடலுக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தை அளந்து அறிய உதவும் பொருள் எதுவும் உயிரியல் குறிப்பான்தான். இரத்தம், பால், சிறுநீர், சாணம், மயிர் ஆகியவற்றில் கிடைக்கும் புரதங்கள், ஹார்மோன்கள், வளர்சிதைமாற்றப் பொருள்கள் ஆகியவை இதில் அடங்கும்.

ஆனால் நொண்டலை எந்தக் குறிப்பானும் நேராகக் காட்டுவதில்லை. நொண்டல் என்பது நடையில் தெரியும் மாற்றம். அதற்குப் பின்னால் குளம்பிலோ மூட்டிலோ அழற்சி இருக்கிறது, வலி இருக்கிறது, அவ்விரண்டும் உடல் முழுவதற்கும் தரும் நெருக்கடி இருக்கிறது. குறிப்பான் அளப்பது இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைத்தான். எது எதை அளக்கிறது என்பதில் தெளிவு இல்லாவிட்டால், கீழே வரும் குழப்பங்கள் அனைத்தும் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

மாடு நொண்டுவது கண்ணுக்கே தெரிகிறதே, இரத்தத்தைச் சோதித்து என்ன ஆகப் போகிறது?

நன்றாக நொண்டும் மாடு தெரியும்; நொண்டத் தொடங்கும் மாடு எளிதில் தெரிவதில்லை. மாடு தன் வலியை மறைக்கும் விலங்கு. இரண்டு பின்னங்கால்களும் ஒருசேர நோகும்போது, எந்தக் காலுக்கும் ஓய்வு கொடுக்க வழியில்லாததால், நடை ஒருபுறம் சாய்வதும் இல்லை. எட்டு குறுகுவதும் முதுகு சற்று வளைவதுமே தெரியும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் கறவைப் பண்ணையாளர்கள் தங்கள் மந்தையில் 100க்கு ஏறத்தாழ 6 மாடுகள் நொண்டுவதாக மதிப்பிட்டிருந்தனர். பயிற்சி பெற்றவர்கள் நடையைப் பார்த்துக் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 22 ஆக இருந்தது. அந்தப் பண்ணையாளர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் கருதவில்லை. நாள்தோறும் பார்க்கும் மாட்டில் மெல்ல மெல்ல வரும் மாற்றம் யார் கண்ணுக்கும் தப்பிவிடும்.

நடையை 1 (இயல்பான நடை) முதல் 5 (கடும் நொண்டல்) வரை மதிப்பெண்ணிட்டுப் பார்க்கும் முறை பல பண்ணைகளில் உள்ளது. நன்கு பயின்றவர் செய்தால் அது மிகப் பயனுள்ளது. இருந்தாலும் 2 என்ற மதிப்பெண்ணுக்கும் 3 என்ற மதிப்பெண்ணுக்கும் இடையில் இருவர் ஒத்துப்போவது கடினம். குறிப்பான்கள் துணை செய்ய வேண்டியது அந்த இடைவெளியில்தான்.

எல்லா நொண்டலுக்கும் ஒரே சோதனை போதாதா?

போதாது. நொண்டல் ஒரு நோயின் பெயர் அன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. பெரும்பாலான நொண்டல்கள் குளம்பில்தான் தொடங்குகின்றன, அதிலும் பின்னங்காலின் வெளிக் குளம்பில் மிகுதி. அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்வது இந்தப் பக்கத்துக்குப் போதுமானது.

முதல் குடும்பம் நுண்ணுயிர்களால் வருவது. குளம்புகளுக்கு இடையே சதை வீங்கி நாற்றமெடுக்கும் குளம்பழுகல் ஒன்று. டிஜிட்டல் டெர்மடைடிஸ் என்று மருத்துவர்கள் குறிப்பிடும், குதிப்பகுதித் தோலில் செம்புண்ணாகத் தோன்றும் அழற்சி மற்றொன்று. 1974இல் இத்தாலியில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்நோயில் டிரெப்போனீமா என்ற திருகு வடிவ நுண்ணுயிர்கள் முதன்மைப் பங்கு வகிக்கின்றன. இரண்டாவது குடும்பம் குளம்பின் கொம்புப் பகுதியில், அதாவது அதன் கடினமான வெளி ஓட்டில், வருவது: அடிக்குளம்பில் இரத்தக் கசிவு, அடிக்குளம்புப் புண், குளம்புச் சுவரும் அடிப்பகுதியும் சேரும் வெள்ளைக் கோடு பிளவுபடுதல். முதல் குடும்பத்தில், குறிப்பாகக் குளம்பழுகலில், உடல் முழுவதும் எதிர்வினை காட்டும். இரண்டாவதில் சேதம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கும். ஆகவே ஒரே சோதனை இரண்டையும் ஒரே அளவுக்குப் பிடிக்காது. மூட்டு நோயும் கோமாரியும் தனிக் கணக்கு.

ஹேப்டோகுளோபின் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

உடலின் எந்த மூலையிலேனும் திசு சேதமடைந்தால், அங்கிருந்து கிளம்பும் சைட்டோகைன் என்னும் செய்திப் புரதங்கள் கல்லீரலை எட்டுகின்றன. கல்லீரல் சில புரதங்களை மிகுதியாகச் செய்து இரத்தத்தில் விடுகிறது. இவற்றுக்கு முனைப்புநிலைப் புரதங்கள் என்று பெயர். மாட்டைப் பொறுத்தவரை அவற்றுள் முதன்மையானவை ஹேப்டோகுளோபினும் சீரம் அமிலாய்டு ஏ என்பதும்.

ஹேப்டோகுளோபினின் சிறப்பு என்னவென்றால், நலமான மாட்டின் இரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அழற்சி வந்தால் ஓரிரு நாளில் 100 மடங்குக்கும் மேல் உயரக்கூடும். அளக்கும் கருவிக்கு இவ்வளவு பெரிய வேறுபாடு கிடைப்பது அரிது. சீரம் அமிலாய்டு ஏ அதைவிடச் சற்று முன்னதாகவே உயரும், ஆனால் சிறு தூண்டுதலுக்கும் உயர்ந்துவிடும்.

மனிதர்களுக்குப் பார்க்கும் சிஆர்பி சோதனையையே மாட்டுக்கும் பார்த்தால் என்ன?

பயன் இல்லை. சி-ரியாக்டிவ் புரதம் மனிதரிலும் நாயிலும் அழற்சியின்போது பெருமளவு உயரும். மாட்டில் அவ்வாறு உயர்வதில்லை. ஓர் இனத்துக்குப் பொருந்தும் குறிப்பானை மற்றோர் இனத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஹேப்டோகுளோபின் கூடியிருக்கிறது. கால்தான் காரணம் என்று முடிவு செய்துவிடலாமா?

கூடாது. மடிநோய், கருப்பை அழற்சி, நிமோனியா, காயம் என எது வந்தாலும் அது உயரும். கன்று ஈன்ற முதல் வாரத்தில், வேறு நோய் எதுவும் இல்லாத மாட்டிலும் சற்று உயர்ந்தே இருக்கும். அந்தப் புரதம் சொல்வது ‘எங்கோ அழற்சி இருக்கிறது’ என்பது மட்டுமே. எங்கே என்று தேடுவது நம் வேலை.

ஆகவே உயர்ந்த அளவு கைக்கு வந்தால், மடியைப் பார்க்கவும், கருப்பைக் கசிவைப் பார்க்கவும், உடல்வெப்பத்தைப் பார்க்கவும், அதன்பின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழுவிப் பார்க்கவும் வேண்டும். நான் கேட்டறிந்த தவறான முடிவுகளில் பல, தாளில் இருந்த எண்ணைப் பார்த்தவர் காலைத் தூக்கிப் பார்க்காததால் வந்தவை.

வலியை நேரடியாக அளக்கும் குறிப்பான் இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மாட்டின் துன்பத்தைக் கண்டு மனம் நொந்தவர்கள். ‘இருக்கிறது’ என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வலியை மட்டும் தனியே பிரித்துக் காட்டும் பொருள் எதுவும் இதுவரை நடைமுறைக்கு வரவில்லை. மிக அருகில் நிற்பது சப்ஸ்டன்ஸ் பி. நோவுணர்த்தும் நரம்பு முனைகள் வெளியிடும், 11 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதத் துணுக்கு இது. நொண்டும் மாடுகளின் இரத்தத்தில் இது கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இரத்தத்திலுள்ள நொதிகள் இதை விரைவில் சிதைத்துவிடுகின்றன. அதைத் தடுக்கும் மருந்து கலந்த குழாயும், உடனடிக் குளிர்ச்சியும் இல்லாமல் எடுத்த மாதிரியின் எண்ணை நம்ப முடியாது.

பலரும் நாடும் மற்றொன்று கார்டிசோல் என்ற ஹார்மோன். இது வலியை அளப்பதில்லை, நெருக்கடியை அளக்கிறது. மாட்டைப் பிடித்துக் கட்டிய சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் ஏறிவிடும். பழக்கமில்லாத ஆள், கூட்டத்திலிருந்து பிரித்தல், ஊசி ஆகிய எதுவும் இதை உயர்த்தப் போதும். அதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு: வலி வாரக்கணக்கில் நீடிக்கும்போது உடல் அதற்குப் பழகி, கார்டிசோல் இயல்பு அளவுக்கே திரும்பிவிடக்கூடும். எண் இயல்பாக இருக்கிறது என்பதற்காக அந்த மாட்டுக்கு வலி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

மயிரிலும் சாணத்திலும் கார்டிசோலைப் பார்க்கலாமாமே?

பார்க்கலாம், பிடித்துக் கட்டுவதால் வரும் பிழையைத் தவிர்க்க அவை நல்ல வழிகள். சாணத்தில் இருப்பது கார்டிசோல் சிதைந்து உண்டான பொருள்கள். மாட்டில் அவை ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரத்துக்கு முன் இரத்தத்தில் இருந்த நிலையைக் காட்டுகின்றன. மயிர் வளரும்போது கார்டிசோல் அதற்குள் சிறிது சிறிதாகச் சேர்வதால், அது வாரங்கள், மாதங்களின் வரலாற்றைச் சொல்லும்.

மயிரின் நிறமும், எடுத்த இடமும், பருவமும் அளவை மாற்றும். சிறுநீரும் சாணமும் பட்ட மயிர் பொய்யான எண்ணைத் தரும். ஆகவே ஒரே இடத்தில் மழித்து, மீண்டும் வளர்ந்ததை மட்டும் எடுப்பது வழக்கம். நாட்பட்ட நொண்டல் ஒரு மந்தையை எவ்வளவு வருத்தியிருக்கிறது என்று பின்னோக்கி அறிய இது உதவும். இன்று இந்த மாட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு உதவாது.

ஊசி குத்தாமல் பாலிலேயே பார்த்துவிட முடியாதா?

பால் நாள்தோறும் கிடைப்பதால் இந்த ஆசை இயல்பானது. பாலிலும் ஹேப்டோகுளோபினை அளக்கலாம். ஆனால் மடியில் அழற்சி வந்தால் மடியே அதைச் செய்து பாலில் கலந்துவிடும். அப்போது பாலில் தெரிவது காலின் கதையா மடியின் கதையா என்று பிரிப்பது மேலும் கடினமாகிவிடுகிறது. மடியில் அழற்சி வந்தால் உயரும் உடற்செல் எண்ணிக்கையையும் பாலில் சேர்த்துப் பார்த்தால், மடிநோயை ஓரளவு ஒதுக்கலாம்.

கொழுப்பும் புரதமும் அளக்கப் பால் ஆய்வுக்கூடங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் அகச்சிவப்பு நிறமாலையிலிருந்தே நொண்டலைக் கணிக்கவும் முயன்றிருக்கிறார்கள். இதுவரை கிடைத்துள்ள துல்லியம் நடுத்தரமானதே. தனி மாட்டைப் பற்றி முடிவெடுக்க அது போதாது. எந்த மந்தையில் முதலில் போய்ப் பார்ப்பது என்று வரிசைப்படுத்தப் பயன்படலாம்.

நொண்டத் தொடங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

இந்தத் துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவதும், மிகுந்த கவனம் வேண்டுவதும் இந்தக் கேள்விதான். காரணத்தைப் புரிந்துகொள்ளக் குளம்பின் காலக்கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளம்பின் கொம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வளர்கிறது. அடிக்குளம்பின் உள்ளே உயிருள்ள திசு நசுங்கி இரத்தம் கசிந்தால், அந்தக் கறை புதிதாக உண்டாகும் கொம்பில் ஒட்டிக்கொண்டு மெல்லக் கீழே இறங்கி, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்தே குளம்பைச் செதுக்குபவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே கன்று ஈன்று மூன்றாம் மாதத்தில் நொண்டும் மாட்டின் சேதம், கன்று ஈன்ற நாள்களை ஒட்டியே தொடங்கியிருக்கக்கூடும். அந்த இரண்டு மாத இடைவெளியில் நடையும் சொல்லாது, குளம்பின் மேற்பரப்பும் சொல்லாது.

கன்று ஈனும் காலத்தில் குளம்புக்குள் இருக்கும் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு தளர்கிறது. அந்த எலும்புக்கும் அடிக்குளம்புக்கும் இடையே மெத்தைபோல் இருக்கும் கொழுப்புத் திண்டு, மாடு மெலியும்போது தானும் மெலிகிறது. இந்தத் திண்டு மெல்லியதாக உள்ள மாடுகளில் அடிக்குளம்புப் புண்ணும் வெள்ளைக் கோட்டு நோயும் மிகுதி என்பதை அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் காட்டியுள்ளன. என் கருத்தில், நொண்டலை முன்கூட்டிச் சொல்லும் மிக எளிய குறிப்பான் இரத்தக் குழாயில் இல்லை. ஈன்றபின் மாட்டின் உடற்கட்டு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதில் இருக்கிறது.

கன்று ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பே, பின்னர் நொண்டிய மாடுகளின் இரத்தத்திலும் சிறுநீரிலும் சில வளர்சிதைமாற்றப் பொருள்கள் வேறுபட்டிருந்ததாகவும் ஆய்வுகள் வந்துள்ளன. அவை சிறு எண்ணிக்கையிலான மாடுகளில் செய்யப்பட்டவை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பொருள்களை அளக்கும்போது, தற்செயலாகவே சில வேறுபட்டுத் தோன்றும். வேறு மந்தையில், வேறு தீவனத்தில் மீண்டும் அதே முடிவு கிடைத்த பிறகே பண்ணைக்குக் கொண்டுவரலாம்.

இந்தச் சோதனை 80 விழுக்காடு சரி என்கிறார்கள். அப்படியானால் ஐந்தில் ஒன்றுதானே தவறும்?

இல்லை, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மாடுகளில் 20 நொண்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவற்றில் 80 விழுக்காட்டைப் பிடித்து, நலமானவற்றில் 80 விழுக்காட்டைச் சரியாக விடுவிக்கும் சோதனை, 20இல் 16ஐப் பிடிக்கும், 4ஐத் தவறவிடும். நலமான 80இல் 16 மாடுகளையும் நோயுள்ளவை என்று சொல்லும். ஆக, நோய் என்று சுட்டப்பட்ட 32 மாடுகளில் பாதி நலமானவை.

அதே சோதனையை 100க்கு 5 மட்டும் நொண்டும் நல்ல பண்ணைக்குக் கொண்டுபோனால், சுட்டப்படும் 23 மாடுகளில் 4 மட்டுமே உண்மையில் நோயுள்ளவை. சோதனை மாறவில்லை, மந்தை மாறியிருக்கிறது. ஒரு சோதனைக் கருவியை வாங்கும் முன், அது எத்தகைய மந்தையில் சரிபார்க்கப்பட்டது என்று கேட்பது இதனால்தான்.

எந்த அளவுக்கு மேல் போனால் நோய்? ஓர் எல்லை எண் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணைத் தர நான் விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் முறை வேறு, அலகு வேறு. ஈன்று எத்தனை நாள் ஆயிற்று, எத்தனையாவது ஈற்று என்பவற்றைப் பொறுத்தும் இயல்பு அளவு மாறும். ஒரே மாட்டின் அளவை, அதே ஆய்வுக்கூடத்தில், அதன் முந்தைய அளவோடு ஒப்பிடுவது எந்தப் பொது எல்லையையும் விட நம்பத்தக்கது.

மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

முதலில், வரிசை. இரத்தத்தை முதலில் எடுங்கள். காலைத் தூக்குவதும் குளம்பைச் செதுக்குவதும் அதற்குப் பின். இல்லையேல் நீங்கள் உண்டாக்கிய நெருக்கடியையே அளந்துகொண்டிருப்பீர்கள். மருந்து கொடுக்கும் முன் எடுப்பதும் அவ்வாறே இன்றியமையாதது. டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி, மாட்டின் சொந்தக் கார்டிசோல் சுரப்பையே அடக்கிவிடும்.

இரண்டாவது, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிவந்துபோன சீரத்தை ஹேப்டோகுளோபின் சோதனைக்கு அனுப்பாதீர்கள். ஹேப்டோகுளோபினின் இயல்பான வேலையே சிதறிய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதுதான். பல சோதனை முறைகளும் அந்தப் பிணைப்பை அடிப்படையாகக் கொண்டே அளக்கின்றன. உடைந்த அணுக்கள் அந்தக் கணக்கைக் குலைத்துவிடும். சப்ஸ்டன்ஸ் பி-க்கு உரிய குழாய் பற்றி வலி குறித்த விடையில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுப்பதும், ஈன்ற நாளைத் தாளில் எழுதுவதும் சிறு வேலைகள். எழுதாமல் விட்ட மாதிரியைப் பின்னால் யாராலும் விளக்க முடியாது.

டிரெப்போனீமாவுக்கு எதிர்ப்பொருள் பார்த்தால் டிஜிட்டல் டெர்மடைடிஸ் உறுதியாகிவிடாதா?

எதிர்ப்பொருள் இருந்தால் அந்த மாடு நுண்ணுயிரை ஒருகாலத்தில் எதிர்கொண்டிருக்கிறது என்று பொருள். இன்று புண் இருக்கிறது என்று பொருள் அன்று. மந்தைக்குள் நோய் நுழைந்துவிட்டதா என்று அறியப் பயன்படும். தனி மாட்டில் குதியைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதே விரைவானதும் உறுதியானதும்.

அளவுகள் எல்லாம் இயல்பு, ஆனால் மாடு நொண்டுகிறது. எதை நம்புவது?

மாட்டை நம்புங்கள். மேலே இரண்டாவது குடும்பம் என்று சொன்ன கொம்புப் பகுதி நோய்களில் சேதம் சிறிய இடத்தில் அடங்கியிருப்பதால், கல்லீரலை எழுப்பும் அளவுக்குச் செய்தி போகாமல் இருக்கலாம். நாட்பட்ட நிலையில் இது இன்னும் மிகுதி. பலமுறை நொண்டிய மாடுகளின் குளம்பெலும்பில் புதிய எலும்பு முளைகள் வளர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த மாற்றம் திரும்புவதில்லை, இரத்தத்திலும் தெரிவதில்லை.

மற்றொன்றும் உண்டு. நொண்டிய மாடுகளின் காலில் அழுத்தம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், சிகிச்சை பெற்று 28 நாள் ஆன பின்னும் சில மாடுகள் இயல்பை விடச் சிறிய அழுத்தத்துக்கே காலை இழுத்துக்கொண்டன. அழற்சி தணிந்த பின்னும் நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கக்கூடும். எண் சரியாகிவிட்டது என்பதற்காக வலிநிவாரணியையும் மெத்தென்ற படுக்கையையும் நிறுத்திவிடுவது நியாயமன்று.

சிகிச்சை பலித்ததா என்று குறிப்பானால் பார்க்கலாமா?

குறிப்பான்களின் மிக நல்ல பயன் இதுதான் என்பது என் எண்ணம். இங்கே மாடு தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறது. நுண்ணுயிரால் வந்த குளம்பு நோயில் உயர்ந்திருந்த ஹேப்டோகுளோபின் சில நாள்களில் இறங்கவில்லை என்றால், சீழ் ஆழத்தில் தங்கியிருக்கிறதா, மூட்டுக்குள் பரவியிருக்கிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். அந்த ஒரு எச்சரிக்கை ஒரு காலைக் காப்பாற்றக்கூடும்.

புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளில் குளம்பைச் செதுக்கி, அதே காலின் நலமான மறு குளம்பின்கீழ்க் கட்டை ஒட்டி, கீட்டோபுரோஃபென் என்ற வலிநிவாரணியும் சேர்த்துக் கொடுத்தபோது, செதுக்குவது மட்டும் செய்ததைவிட அதிக மாடுகள் குணமடைந்ததாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முன்கூட்டிக் கண்டறிவதன் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மரபணுக் குறிப்பானைப் பார்த்து நொண்டாத மாட்டைத் தேர்ந்தெடுக்கலாமா?

ஓரளவு முடியும், ஆனால் தலைமுறைக் கணக்கில். குளம்பு நோய்களுக்கு ஒற்றை மரபணு காரணமில்லை. சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, மரபுவழிப் பங்கும் குறைவு. டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் குளம்பு செதுக்குபவர்களின் பதிவுகளைத் திரட்டிக் காளைத் தேர்வில் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் அடித்தளம் மனிதர் கண்ணால் பார்த்து எழுதிய பதிவுதான்.

இதில் ஆய்வு செய்ய விரும்புகிறேன். பெரும்பாலோர் எங்கே தவறுகிறார்கள்?

ஒப்பீட்டுக் குழுவில். நொண்டும் மாடுகளின் கால்களை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு, நேராக நடக்கும் மாடுகளைப் பார்க்காமலே ‘நலமானவை’ என்று எழுதிவிடுகிறார்கள். குளம்பின் காலக்கணக்கு பற்றிச் சொன்னதை நினைவுகூருங்கள்: நன்றாக நடக்கும் மாட்டின் குளம்பிலும் இரத்தக் கறையும் தொடக்கநிலைப் புண்ணும் இருக்கக்கூடும். அத்தகைய மாடுகள் நலமானவற்றின் கணக்கில் சேர்ந்தால், நல்ல குறிப்பானும் பயனற்றதாகத் தோன்றும். ஆய்வில் சேர்க்கும் ஒவ்வொரு மாட்டின் நான்கு கால்களையும், இரத்தம் எடுத்த அன்றும் இரண்டு மாதம் கழித்தும், யார் எந்தக் குழு என்று அறியாத ஒருவர் தூக்கிப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.